‘ஸ்கேன்ல வந்திருச்சு’ என்று யார் சொன்னது?

“ஸ்கேன் பொய் சொல்லுமா?” என்று யாராவது கேட்டுவிட்டால் நம் தோட்டங்களில் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. டொக்டரைச் சந்தேகிக்கிறோம். மருந்தைச் சந்தேகிக்கிறோம். டிக்கோயாவில் சொன்னதை நம்பாமல் கண்டிக்குப் போகிறோம், கண்டியில் சொன்னதை நம்பாமல் கொழும்புக்கு ரயில் ஏறுகிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. அது மெஷின் சொன்னது, மெஷினுக்கு யார் மேலும் விருப்பு வெறுப்பு கிடையாது, அதனால் அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும். லயத்திலும் கடைத்தெருவிலும் படித்தவர் வீட்டிலும் ஒரே மாதிரி நிலவுகிற கருத்து இது.

கணையத்தில் ஒப்பரேஷன் செய்துகொண்டு வந்தவர்கள் விஷயத்தில் இந்தக் கருத்து பெரும் தீங்கு செய்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் முடிந்து, தையல் ஆறி, மனிதர் மெல்ல நடமாடத் தொடங்கியிருப்பார். சில மாதம் கழித்து வயிறு வலிக்கிறது, உடம்பு மெலிகிறது என்று பக்கத்து டவுனில் ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். ஒப்பரேஷன் செய்த இடத்தில் ஏதோ கட்டி மாதிரித் தெரிவதாக ரிப்போர்ட் வரும். அன்று அந்திக்குள் செய்தி லயம் முழுக்கப் பரவிவிடும்: “திரும்பி வந்திருச்சாம். ஸ்கேன்லயே தெரியுதாம்.” மறுநாளிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப்போக யாருக்கும் மனம் இருக்காது. மாத்திரை தீர்ந்தால் வாங்கிவர ஆள் இருக்காது.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். கணைய ஒப்பரேஷனுக்குப் பிறகு எடுத்த ஒரே ஒரு ஸ்கேன், அதுவும் என்ன ஒப்பரேஷன் நடந்தது என்று தெரியாத ஒருவர் வாசித்த ஸ்கேன், நோய் திரும்பியது என்று முடிவுகட்டப் போதிய ஆதாரமே அல்ல. வயிற்றுக்குள் மனிதக் கை புகுந்து எல்லாவற்றையும் மாற்றித் தைத்த பிறகு, அங்கே கட்டிபோலத் தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. புற்றுநோய் அவற்றில் ஒன்று. மற்றவை என்னென்ன என்று தெரியாமல் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரைப் படுக்கவைத்துவிடுகிறோம்.

முதலில் அந்த ஒப்பரேஷன் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் சதையி என்று படித்தோமே, அதுதான் கணையம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது. அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. ஈரலிலிருந்து வரும் பித்தக்குழாய் அந்தத் தலைக்குள் புகுந்துதான் குடலில் திறக்கிறது. தலையும் முன்சிறுகுடலும் இரத்தக் குழாய்களைப் பங்குபோட்டுக்கொண்டிருப்பதால் தலையை மட்டும் தனியாக வெட்டி எடுக்க வழியில்லை. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, பல நேரம் இரைப்பையின் கடைசிப் பகுதி, எல்லாம் ஒன்றாகப் போகும். ஜெர்மனியில் வால்தர் கௌஷ் இப்படியொரு ஒப்பரேஷனைப் பற்றி 1912-இல் எழுதினார். நியூயோர்க்கில் அலன் விப்பிள் 1935-இல் தன் முறையை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க அவர் பெயரால் விப்பிள் என்றே சொல்கிறார்கள்.

எடுப்பது பாதி வேலை. மீதி வேலை இணைப்பது. சிறுகுடலின் ஒரு நீளத்தை மேலே இழுத்து வந்து, மிச்சமிருக்கும் கணையத்தோடு ஓரிடத்திலும், பித்தக்குழாயோடு ஓரிடத்திலும், இரைப்பையோடு இன்னோரிடத்திலும் தைக்கிறார்கள். சில நேரம் கணையக் குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் வைக்கிறார்கள். இரத்தக் குழாய்களைச் சுற்றியிருந்த கொழுப்பும் நிணக்கணுக்களும் சுரண்டி எடுக்கப்படுகின்றன. உலோகக் கிளிப்புகள் உள்ளேயே தங்கும். மண்சரிவுக்குப் பிறகு பாதையைத் திருப்பிப் போட்ட மலையைப் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு எதுவும் பொருந்தாது. இந்த வயிற்றைப் பார்ப்பவர் நிலையும் அதுதான்.

இனி அந்தக் ‘கட்டி’க்கு வருவோம். ஸ்கேன் மெஷின் கட்டி, குடல், சீழ் என்று எதையும் அறியாது. ஊடுகதிர் எந்த இடத்தில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று மட்டுமே அளக்கிறது. லண்டனில் 1971-இல் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்துக் காட்டியவர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் பெயரிலான அளவுகோலில் தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு ஏறத்தாழ −100. இந்த எண்களைத்தான் கறுப்பு, சாம்பல், வெள்ளை நிறங்களாக மாற்றிப் படமாகக் காட்டுகிறது. சீழ் நிறைந்த குழி தண்ணீரைவிடச் சற்று மேலே ஓர் எண் தரும். குடல்நீர் நிறைந்த குடல் வளையமும் கிட்டத்தட்ட அதே எண்ணைத் தரும். சுருங்கிக் கிடக்கும் குடல் வளையம் சதைக்கட்டி தரும் எண்ணைத் தரும். எண்ணை மட்டும் வைத்து ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க முடியாது.

விப்பிள் செய்த வயிற்றில் மேலே இழுத்துத் தைத்த அந்தக் குடல் வளையம் எங்கே போய்க் கிடக்கும்? ஈரலுக்குக் கீழே, வலப்பக்கமாக, முன்பு கணையத்தின் தலையும் முன்சிறுகுடலும் இருந்த அதே இடத்தில். புற்று திரும்பி வந்தால் எங்கே தேடுவார்களோ, அந்தப் பக்கத்தில். ஸ்கேனுக்கு முன் குடிக்கக் கொடுக்கும் மருந்துநீர் இரைப்பையில் இறங்கி அங்கிருந்து கீழ்நோக்கிப் போகும். இந்த வளையமோ இரைப்பை இணைப்புக்கு மேல்பக்கம் இருக்கிறது. ஓட்டத்துக்கு எதிராக மருந்துநீர் ஏறுவது அரிது. மற்றக் குடலெல்லாம் வெள்ளையாக நிறைந்து தெரிய, இது மட்டும் நிறையாமல் சாம்பல் நிறத்தில் உருண்டையாக நிற்கும். குறுக்குவெட்டுப் படம் ஒன்றை மட்டும் பார்த்தால் யாருக்கும் அது கட்டி மாதிரிதான் தெரியும்.

இது குடல்தான் என்று கண்டுபிடிப்பதும் அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அந்த உருண்டையைத் தொடர்ந்து போனால் அது குழாயாக நீண்டுகொண்டே போகும். உட்சுவரில் சிறுகுடலுக்கே உரிய மடிப்புகள் தெரியும். முன்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோலப் படத்தைத் திருப்பிப் போட்டால் வளையம் முழுசாகத் தெரியும். விப்பிள் செய்த ஆள் என்று அறிந்த கதிரியக்க நிபுணர் இதைத் தேடிப் பார்ப்பார். அறியாதவர் எதைத் தேடுவார்? ‘வயிற்றுவலி’ என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதிய துண்டோடு நோயாளியை அனுப்பிவிட்டு, அவரிடமிருந்து சரியான பதிலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே வளையத்தைச் சீழ்க்கட்டி என்று எண்ணி ஊசி போட்டால் நல்ல குடலில் ஓட்டை விழும். வாசிப்பில் நேர்ந்த பிழை அப்போது உடம்பில் நேர்ந்த காயமாகிவிடும்.

குடல் வளையம் ஓர் உதாரணம்தான். ஒப்பரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் வயிற்றுக்குள் ஆங்காங்கே நீர் தேங்குவது சாதாரணம், பெரும்பாலும் தானே வற்றிவிடும். இரத்தக்கசிவை நிறுத்த வைத்துவிட்டு வரும் கரையும் துணி போன்ற பொருளுக்குள் காற்றுக் குமிழிகள் சிக்கியிருந்தால் படத்தில் அது சீழ்க்கட்டியாகவே தோன்றும். பித்தக்குழாய்க்குள் காற்று தெரிந்தால் மற்றவர்களுக்கு அது பயப்பட வேண்டிய விஷயம். குடலோடு நேரே தைத்த பித்தக்குழாய்க்குள் காற்று ஏறுவது இயல்பு, இணைப்பு திறந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளமும்கூட. நிணக்கணுக்கள் வீங்கியிருப்பது ஆறும் உடம்பின் வேலையாக இருக்கலாம்.

இவற்றிலெல்லாம் மிகக் கடினமானது பெரிய தமனிகளைச் சுற்றித் தெரியும் சதைப்படலம். கணையப் புற்று திரும்பினால் குடலுக்கும் ஈரலுக்கும் இரத்தம் கொண்டுபோகும் தமனிகளைச் சுற்றித்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். அதே தமனிகளைச் சுற்றிச் சுரண்டி எடுத்த இடத்தில் தழும்பும் வரும். கதிர்ச்சிகிச்சையும் கொடுத்திருந்தால் தழும்பு இன்னும் தடிக்கும். ஒரே நாளில் எடுத்த ஒரே படத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல அனுபவசாலிகளே தயங்குவார்கள். அவர்கள் செய்வது ஒன்றுதான்: ஒப்பரேஷன் முடிந்து சில மாதத்தில் எடுத்த அடிப்படை ஸ்கேனை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதே அளவில் நிற்கிறதா, சுருங்கியிருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா? தழும்பு நின்றுவிடும் அல்லது சுருங்கும். புற்று வளரும். பழைய படம் இல்லாவிட்டால் ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து இன்னொன்று எடுத்துப் பார்ப்பார்கள். பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று சிலர் நகையை அடகு வைக்கிறார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடத்தைத்தான் அது காட்டுகிறது. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் சர்க்கரையை உறிஞ்சும், புற்றும் உறிஞ்சும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஸ்கேன் ரிப்போர்ட்டை உறுதிப்படுத்தும் இரண்டாவது சாட்சியாக வருவது நோயாளியின் மெலிவு. “ஸ்கேன்லயும் இருக்கு, ஆளும் உருகிப் போறாரு, வேற என்ன?” என்கிறார்கள். கணையத்தின் பெரும்பகுதி போனால் கொழுப்பைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. மலம் எண்ணெய் மிதப்பதுபோல, கழுவினாலும் போகாமல், நாற்றமடித்துப் போகும். எடை இறங்கிக்கொண்டே வரும். சிலருக்கு இன்சுலின் குறைந்து நீரிழிவும் வரும், அதுவும் மெலிய வைக்கும். சாப்பாட்டோடு நொதி மாத்திரை ஒழுங்காக எடுத்தாலே பலருக்கு எடை நிற்கும். இதே நொதிக் குறைவால் ஈரலில் கொழுப்பும் படியலாம். ஸ்கேனில் ஈரல் கறுத்துத் தெரியும், திட்டுத் திட்டாகக் கொழுப்பு படிந்திருந்தால் ஈரலுக்குப் பரவிய புற்றுப் புள்ளிகள் மாதிரியே தெரியும். நடப்பது இப்படித்தான்: நொதி மாத்திரை கிடைக்காததால் ஆள் மெலிகிறார், ஈரலில் கொழுப்பு படிகிறது. ஸ்கேன் ‘ஈரலில் புள்ளி’ என்கிறது. புற்று பரவிவிட்டது என்று நம்பிய வீடு மிச்ச மாத்திரையையும் நிறுத்துகிறது. ஆள் இன்னும் மெலிகிறார். பார்த்தீர்களா, ஸ்கேன் சொன்னது சரியாகிவிட்டது என்கிறார்கள். மருந்தால் நிறுத்தியிருக்கக்கூடிய ஒன்றை நம் கையாலேயே வளர்த்துவிட்டு அதையே ஆதாரமாகக் காட்டுகிறோம்.

இதைவிடக் கொடுமை புற்றே இல்லாதவர்களுக்கு நடப்பது. கணையத்தில் கைவைத்தாலே கேன்சர் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நாள்பட்ட கணைய அழற்சிக்கும் ஒப்பரேஷன் உண்டு. கசிப்பும் சாராயமும் குடித்துக் கணையம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு சொட்டும் குடிக்காமல் சின்ன வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து, சர்க்கரையும் வந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தோனேசியாவில் சுய்டெமா 1959-இல் இதை எழுதினார், கேரளத்தில் டொக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து விரிவாக எழுதினார். தென்னிந்தியாவில் நன்றாகத் தெரிந்த நோய் அது. கல் அடைத்த கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து, அதன்மேல் சிறுகுடலைப் போர்த்தித் தைப்பார்கள். தலைப்பகுதியையும் குடைந்தெடுத்துத் தைக்கும் ஃப்ரே முறை 1987-இல் வந்தது. அப்படிச் செய்தவருக்குக் கணையத்தின் முன்னால் குடல் ஒன்று நிரந்தரமாகப் படுத்திருக்கும், உள்ளே நீரும் காற்றும் இருக்கும். என்ன நடந்தது என்று தெரியாதவர் அதைச் சீழ் என்றோ கட்டி என்றோதான் எழுத வேண்டியிருக்கும். வலிக்காக ஒப்பரேஷன் செய்து பிழைத்த மனிதர், தனக்கு வராத நோயால் சாகப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு நாட்களைக் கழிக்கிறார். விப்பிள் செய்தவர்களிலும் எல்லாருக்கும் கணையப் புற்று இல்லை. பித்தக்குழாயின் வாயில் வரும் கட்டிக்கும் செய்கிறார்கள், இளம் பெண்களுக்கு வரும், வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் ஒருவகைக் கட்டிக்கும் செய்கிறார்கள். புற்று என்று சந்தேகித்து வெட்டி எடுத்த கட்டிகளிலேயே நூற்றில் ஐந்து முதல் பத்து வரை, பத்தாலஜியில் புற்றில்லை என்று வருகின்றன. ஒப்பரேஷனுக்கு முன்னாலேயே படம் அவ்வளவு ஏமாற்றும் என்றால், பின்னால் எடுத்த படத்தை எப்படிக் கண்மூடி நம்புவது?

மலையகத்தில் இந்த ஏமாற்றம் வேரூன்றக் காரணம் தூரமும் துண்டுதுண்டான வைத்தியமும். இத்தகைய ஒப்பரேஷன்கள் கண்டி, ராகம, கொழும்பு போன்ற இடங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கின்றன. புற்று மருந்துக்கு மஹரகம அபேக்ஷா வரை போகிறவர்கள் உண்டு. ஆனால் இரவில் வலி வந்தால் முதலில் போவது தோட்ட டிஸ்பென்சரிக்கு, அங்கிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ, வசதி இருந்தால் டவுனிலுள்ள தனியார் இடத்துக்கு. வெட்டியவர் ஓரிடம், ஸ்கேன் எடுப்பவர் ஓரிடம், அதை வாசிப்பவர் இன்னோரிடம், மருந்து எழுதுபவர் வேறோரிடம். இவர்களை இணைக்க வேண்டிய ஒரே காகிதம் டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட். அதை நான் பார்க்கும் நிலையைச் சொல்கிறேன்: மழையில் நனைந்த ஷொப்பிங் பேக்குக்குள், சம்பளச் சீட்டுகளோடும் பிறப்புச் சான்றிதழோடும் நாலாக மடிந்து, மடிப்பில் எழுத்து அழிந்து கிடக்கும். ஒப்பரேஷனின் பெயர் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இரண்டெழுத்தாக, கிறுக்கலாக இருக்கும். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால், “பெரிய ஒப்பரேஷன்னு சொன்னாங்க, குடல்ல ஏதோ எடுத்தாங்களாம்” என்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. யாரும் அவருக்குப் புரியும் மொழியில் உட்கார்ந்து சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் எழுதிய ரிப்போர்ட் லயத்துக்கு வந்து சேரும் வழியையும் பார்க்க வேண்டும். கதிரியக்க நிபுணர் எழுதுவது பெரும்பாலும் கவனமான எழுத்து. ஒப்பரேஷனுக்குப் பிந்திய மாற்றமாக இருக்கலாம், நோய் திரும்பியிருப்பதையும் விலக்க முடியவில்லை, பழைய படங்களோடு ஒப்பிடவும், நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்றுதான் எழுதுவார். அதை முதலில் வாசிப்பவர் கவுண்டரில் இருக்கும் பையன். அடுத்து ஓ/எல் படித்த அண்ணன் மகன். இரண்டு கை மாறுவதற்குள் ‘இருக்கலாம்’ போய்விடுகிறது, ‘ஒப்பிடவும்’ போய்விடுகிறது, ‘திரும்பி வந்திருச்சு’ மட்டும் மிஞ்சுகிறது. எழுதாத ஒன்றை அவர் எழுதியதாகச் சொல்லி ஒரு குடும்பமே அழுகிறது.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். கணையப் புற்று பொல்லாதது. வெட்டி எடுத்த பிறகும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்புகிறது, அதிலும் பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள். அதனால் படத்தில் ஏதாவது தெரிந்தால் அதையே நம்புவதுதான் பாதுகாப்பு, தாமதித்தால் ஆபத்து என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் யாருக்குப் பாதுகாப்பு? திரும்பியது என்று உறுதியானால் அடுத்தது மருந்துச் சிகிச்சை. அது உடம்பை வதைக்கும் மருந்து, தப்பான ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. புற்று உண்மையிலேயே வந்திருந்தாலும், அதை நிச்சயப்படுத்த ஆறு வாரம் எடுத்துக்கொள்வதால் போகும் வாய்ப்பு சிறியது. வராத புற்றை வந்ததாகச் சொன்னால் போவது மனிதரின் மிச்ச ஆயுள் முழுவதும். நம் தோட்டங்களில் இன்னும் மோசம்: ‘நம்புவது’ என்றால் மருந்துச் சிகிச்சை தொடங்குவதுகூட இல்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைப்பதுதான். முன்கூட்டிக் கண்டுபிடித்ததன் பயன் என்று ஒன்று அங்கே எங்கே இருக்கிறது?

பொறுத்துப் பார்க்கக் கூடாத நிலைகள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது ஆபத்தாகிவிடும். ஒப்பரேஷன் முடிந்த நாட்களிலோ வாரங்களிலோ இரத்த வாந்தி, கறுப்பு மலம், வடிகுழாயில் இரத்தம் என்று கொஞ்சமாக வந்து நின்றாலும் உடனே வெட்டிய ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டும். கணையநீர் கசிந்து தமனிச் சுவரை அரித்திருக்கலாம், அடுத்த இரத்தப்போக்கு உயிரைக் கொண்டுபோகும். குளிர்காய்ச்சல், கண் மஞ்சளாவது, எதையும் விழுங்க முடியாத வாந்தி, இவையும் அன்றே பார்க்க வேண்டியவை. பித்தக்குழாயைக் குடலோடு இணைத்தவர்களுக்குக் கிருமி மேலேறி ஈரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் வரலாம். ஸ்கேனில் அவையும் பரவிய புற்று மாதிரியே தெரியும். வித்தியாசம், இவை சரியான கிருமிக்கொல்லி மருந்தில் கரைந்துவிடும். காய்ச்சலோடு வந்த ஒருவரை ‘ஈரலுக்குப் பரவிருச்சு’ என்று திருப்பி அனுப்புவது, குணமாகக்கூடிய ஆளைக் கைவிடுவது.

இன்னொரு வாதம்: ஸ்கேன் சந்தேகமாக இருந்தால் இரத்தத்தில் பார்த்துவிடலாமே. சிஏ 19-9 என்ற பரிசோதனையைச் சொல்கிறார்கள். 37-க்கு மேல் போனால் புற்று என்று ஒரு கணக்கு ஊரில் சுற்றுகிறது. பித்தக்குழாய் அடைத்தாலோ அதில் கிருமி தொற்றினாலோ புற்றே இல்லாமல் அந்த எண் பல மடங்கு ஏறும், அடைப்பு நீங்கினால் இறங்கும். மறுபக்கம், நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரின் உடம்பு அந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை, அவர்களுக்குப் புற்று முற்றினாலும் எண் ஏறாது. ஒப்பரேஷனுக்குப் பிறகு இறங்கிய எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போக, படத்திலும் சதைப்படலம் வளர்ந்துகொண்டே போனால் அப்போது இரண்டும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஒற்றை எண்ணையும் ஒற்றைப் படத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு ஆதாரம் கிடைத்ததாகச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

“படிச்ச டொக்டர்மார் எழுதினதைக் கேள்வி கேக்க நாம யாரு?” என்பது நம்மவர்களிடமிருந்து வரும் கடைசிப் பதில். இதில் இருக்கும் பணிவு பழையது, துரையிடமும் கங்காணியிடமும் கைகட்டி நின்ற காலத்தில் பழகியது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்து போராடி 2021-இல் வாங்கியவர்கள் நாம். அந்தத் துணிச்சலில் கால்வாசி ஆஸ்பத்திரியில் இருந்தால் போதும். கேட்க வேண்டிய கேள்வி டொக்டரை அவமதிப்பதும் இல்லை: “ஐயா, இதப் பழைய ஸ்கேனோட வச்சுப் பாத்தீங்களா? ஒப்பரேஷன் செஞ்ச டொக்டர் இதப் பாத்தாரா?” நல்ல டொக்டர் எவருக்கும் இந்தக் கேள்வியில் கோபம் வராது. பெரும்பாலும் அவரே கேட்க நினைத்த கேள்வி அது, பழைய ஸ்கேன் கையில் இல்லாததால் கேட்காமல் விட்டிருப்பார்.

ஆகவே, கணையத்தில் ஒப்பரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவர் வீட்டிலும் டயக்னோசிஸ் கார்டைக் கண்ணாடிக் கவருக்குள் போட்டு வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பத்தாலஜி ரிப்போர்ட்டின் பிரதி கேளுங்கள், அதில்தான் அது புற்றா இல்லையா என்று இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டோடு சீடியையும் வாங்குங்கள், கடிதவுறை கிழிந்தாலும் சீடியைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய், உள்ளே அனுப்பும் துண்டில் ஒப்பரேஷன் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நொதி மாத்திரையையும் இன்சுலினையும் எந்த ரிப்போர்ட்டுக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டார் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. எழுதப் படிக்கத் தெரியாத தாய் ஒருத்தி கவரைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் மகன் பிழைப்பான் என்ற நிலையில் ஒரு சுகாதார சேவை இருக்கக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரிகள் தங்கள் ஸ்கேன் படங்களை ஒன்றோடொன்று பகிர வேண்டும், கண்டியில் எடுத்த படத்தை நுவரெலியாவில் திறந்து பார்க்க முடிய வேண்டும். தனியார் ஸ்கேன் இடங்கள் முன்பு நடந்த ஒப்பரேஷனின் விவரம் இல்லாத துண்டை வாங்கிக்கொள்ளாமல், போன் போட்டுக் கேட்க வேண்டும். கிளினிக்கில் தமிழில் விளக்க ஒருவர் இருக்க வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் கேட்பது மிகச் சிறியது. வார்டு றவுண்டில் மாணவர்களுக்குக் காகிதத்தில் கோடு போட்டு, எந்தக் குடலை எங்கே தைத்தோம் என்று வரைந்து காட்டுகிறார்கள். அதே கோட்டுப்படத்தை டயக்னோசிஸ் கார்டின் பின்பக்கத்தில் வரைந்து, மேலே இழுத்த குடல் வளையம் எந்தப் பக்கம் கிடக்கிறது, உள்ளே குழாய் வைத்திருக்கிறதா, கிளிப் எங்கே, அடிப்படை ஸ்கேன் எந்தத் தேதியில் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. அடுத்த முறை மஸ்கெலியாவிலிருந்து வலியோடு வருபவரின் ஸ்கேனை வாசிக்கும் டொக்டருக்கு அந்த வரைபடம் முதலில் கைக்குக் கிடைக்கட்டும்.